மீன் குழம்பு வழியாகப் போன லிஃப்ட்

எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் பொத்தான்கள் கிடையாது. வாட்ஸாப் குழுவில் பேச்சு எங்கே போகிறதோ, லிஃப்டும் அங்கே போகும். ஏறுகிறவர் தன் தளத்தைக் குழுவில் போடுவார். அவர் இறங்கும்வரை மற்றவர்கள் அந்தத் தளத்தைப் பற்றி மட்டுமே பேச வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி வான்மதிக்கு இடுப்புவலி கண்டது. அவளை ஐந்தாவது மாடியில் லிஃப்டில் ஏற்றினேன். "தரைத்தளம். பிரசவம். அவசரம்" என்று குழுவில் போட்டுவிட்டு, ஆட்டோ பிடிக்கப் படிவழியே ஓடினேன்.

"தரைத்தளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது" என்று எழுதினார் முதல் மாடி அனந்தநாராயணன். அதுவரை சரி. மேலே தொட்டி நிரம்பி வழிகிறது என்றார் ஒருவர். என் தலைக்கு மேல் லிஃப்ட் நின்று, திரும்பி மொட்டைமாடிக்கு ஏறும் சத்தம் கேட்டது. மேட்டூரில் இப்போது எவ்வளவு தண்ணீர் என்று இன்னொருவர் கேட்டார்.

வான்மதி போனில் அழைத்தாள். "என்னங்க, கண்ணாடி வழியா அணை தெரியுது. வலி விட்டு விட்டு வருது."

"தயவுசெய்து தரைத்தளம்" என்று எழுதினேன். சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். பேச்சு அணை மீனுக்குப் போனது. குழம்புக்குப் புளியா மாங்காயா என்று இரண்டாம் மாடி சகாயமேரி கேட்டதும் குழு முழுவதும் விழித்துக்கொண்டது.

"இப்ப ஏதோ சமையலறைங்க. யாரோ புளி கரைக்கிறாங்க. என்னால நிக்க முடியல."

கெஞ்சினால் பேச்சு திரும்பாது. அது போகிற வழியிலேயே போய்த்தான் மடக்க வேண்டும். "மீன் முள் தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது?" என்று எழுதினேன்.

வாழைப்பழம் விழுங்கச் சொன்னார் அனந்தநாராயணன். போனில் வாழைத்தார்கள் உரசும் சத்தமும் வான்மதியின் முனகலும் கேட்டன.

பிறகு சகாயமேரி எழுதினார்: "பழமெல்லாம் வேண்டாம். ரயிலடி ஆஸ்பத்திரிக்குப் போங்க. என் மகளுக்கு அங்கதான் பிரசவம் பார்த்தோம்."

"கதவு திறந்துடுச்சு," என்றாள் வான்மதி. "நர்ஸ் நிக்கிறாங்க."

நான் ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் பெண் குழந்தை பிறந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அழவில்லை.

"ஏன் சிஸ்டர், குழந்தை அழல?"

சுவரில் 'அமைதி காக்கவும்' என்றிருந்த பலகையை நர்ஸ் காட்டினார். "படிச்சுட்டா சார். வெளிய போய் அழுவா."

குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். அவள் இருபுறமும் பார்த்துவிட்டு, அழத் தொடங்கினாள்.