விதைப்பூண்டுக்குப் புகை

பூம்பாறையில் மலைப்பூண்டு விதையை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த நடவு வரை புகை விடாமல் பட வேண்டும், இல்லாவிட்டால் விதை கெட்டுப்போகும். சரி, அந்தப் புகைக்கு அடியில் உட்கார்ந்து சோறாக்குகிறவள் கெட்டுப்போனால்? அதை எவனும் கேட்டதில்லை.

கந்தம்மாளுக்கு எப்போதோ வந்த காசநோயில் வலது நுரையீரல் பழுதாகிப் போயிருந்தது. "புகை ஆகவே ஆகாதும்மா. ரத்தம் வந்தா வலது பக்கம் கீழ இருக்கிற மாதிரி ஒருக்களிச்சுப் படுங்க. முழுங்காம துப்புங்க. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கொடைக்கானல் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புருஷன் ஞானவேலும் கூட இருந்து தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் ஈர விறகைத்தான் செருகினான். கேஸ் அடுப்பு மூலையில் சும்மா கிடந்தது.

அன்று காலை ஊதாங்குழலை வாயில் வைத்தவளுக்கு இருமல் பிடித்தது. வாசலுக்கு ஓடிவந்து டம்ளரில் துப்பினாள். செக்கச்செவேலென்று ரத்தம்.

நாத்தனார் குப்பம்மாள் பதறினாள். "சூட்டு ஒடம்புடி, மோரு குடிச்சாச் சரியாப் போகும். துப்பாத, முழுங்கு! நோவுற பக்கத்த அமுக்காத" என்று அவளைப் படுக்கவைத்து இடது பக்கமாகப் புரட்டினாள்.

கந்தம்மாளுக்கு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அப்படிப் படுத்தால் ரத்தம் நல்ல நுரையீரலுக்குள் இறங்கிவிடுமே, பிறகு எதைக் கொண்டு மூச்சு விடுவது? நாத்தனார் கையைத் தட்டிவிட்டு வலப்பக்கம் ஒருக்களித்தாள். துப்பினாள். புருஷனிடம் போனைக் காட்டினாள். அவன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைக்கக்கூட இல்லை, "ஏலே, அடுப்பு அணையுது, வெறகத் தள்ளு" என்றாள் அக்கா குப்பம்மாள். அவனும் போனான். அட பாவி மனுஷா! கந்தம்மாள் அதைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் ரத்தம் நின்றது. திரும்பி வந்தவள் நேரே அடுப்படிக்குப் போய், குடத்துத் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தாள்.

"அடியே, வெதைப்பூண்டு!" என்று குப்பம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"போகட்டும் மதினி. வெதைக்குப் பொகை வேணும்னா வெளிய கொட்டகை போட்டு ஒங்க தம்பிய ஊதச் சொல்லுங்க. எனக்கு என் உசுரு வேணும்."

ஞானவேல் பரணில் ஏறிக் கட்டுகளை இறக்கினான். தோட்டத்து ஓரம் தகரக் கொட்டகை போட்டு, ஊதாங்குழலோடு உள்ளே போனவன் கொஞ்ச நேரத்தில் கண் சிவந்து, லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தான்.

கந்தம்மாள் கேஸ் அடுப்பில் போட்ட டீயோடு வாசலில் நின்றிருந்தாள்.

"சூட்டு ஒடம்புங்க" என்றாள். "மோரு கரைச்சுத் தரட்டா?"