நூறு வயது முர்ட்டி

டமாரென்று ஒரு சத்தம். அடுத்து கற்கள் சரிந்து உருளும் ஓசை. வாசலில் படுத்திருந்த நாய் குரைக்க மறந்து எழுந்து நின்றது.

சமையலறையில் இருந்த ஜெரி லௌனிக்கு அந்தச் சத்தத்தின் மேல் நன்றி பொங்கியது. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த நோரீன் அப்போதுதான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

"நாட்டோட அந்தக் கோடியில, வெக்ஸ்ஃபோர்டுல, என் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்து வீடு காலியாகுதாம். வர்றேனா இல்லையான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். நான் என்ன சொல்லட்டும், ஜெரி?"

"இரு, வெளிய என்னமோ விழுந்திருக்கு" என்று எழுந்து ஓடினார் அவர். அறுபத்தாறு வயதில் அவர் அவ்வளவு வேகமாக ஓடியதை அந்தக் கடலோரத் தீபகற்பத்து ஆடுகள்கூடப் பார்த்ததில்லை.

விழுந்தது வாசல் கேட்டின் தூண். அதன் மேல் வாடகைக் கார் ஒன்று ஏறி நின்றது. உள்ளேயிருந்து எழுபது தாண்டிய ஒரு பெண்மணி, மார்போடு அணைத்த கோப்புகளுடன் இறங்கினார்.

"மன்னிச்சுக்கோ தம்பி. இந்த ஊர்ல ரோட்டோட எந்தப் பக்கம் ஓட்டணும்னு எனக்கு நல்லாத் தெரியும். காருக்குத்தான் தெரியலை. நான் மார்லீன். மொன்டானாவில இருந்து வர்றேன்னு எழுதியிருந்தேனே."

ஜெரியின் கொள்ளுத்தாத்தாவும் மார்லீனின் கொள்ளுத்தாத்தாவும் ஒருவரே: முர்ட்டி லௌனி. அவருடைய மகன்களில் ஒருவர் அமெரிக்காவுக்குச் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கப் போனார். இன்னொருவர் இங்கேயே ஆடு மேய்த்தார். முன்னவர் வழியில் வந்தவர் மார்லீன், பின்னவர் வழியில் ஜெரி.

"வாங்கக்கா, வாங்க" என்று ஜெரி கையைப் பிடித்து அழைத்துப் போனார். தூண் இடிந்த வருத்தம் துளியும் இல்லை. தங்கச்சி, வெக்ஸ்ஃபோர்டு, வெள்ளிக்கிழமை எல்லாம் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

தள்ளிப்போடுவதில் ஜெரி சூரர். அவரும் விதவையான நோரீனும் பழகத் தொடங்கி எத்தனையோ வருடங்கள். ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் டவுனில் ஒன்றாக மதியச் சாப்பாடு. பிறகு துறைமுகத்தில் காரை நிறுத்தி, உள்ளிருந்தபடியே கடலை, பெரும்பாலும் கடல் மேல் பெய்யும் மழையை, பார்ப்பார்கள். பிறகு அவரவர் வீடு. இவர்கள் எப்போது மணம் செய்வார்கள் என்று மதுக்கடையில் பந்தயம் கட்டியவர்களில் இரண்டு பேர் இப்போது கல்லறையில் இருக்கிறார்கள்.

நோரீன் கேட்கும்போதெல்லாம் ஜெரி முர்ட்டியை எழுப்பிக்கொண்டு வருவார். "எங்க வம்சத்து ஆம்பளைங்க நூறைத் தொடுறவங்க. முர்ட்டிக்குக் கல்யாணம் ஆகும்போது வயசு நாப்பத்தஞ்சு. அதுக்கப்புறம் ஒன்பது பிள்ளை. என்ன அவசரம்?"

அப்பா எழுபதில் போய்விட்டார். அது புகையிலையின் தப்பு. தாத்தா அறுபத்தெட்டில் போய்விட்டார். அது ஈரக்காற்றின் தப்பு. இருவரையும் ஜெரி வம்சக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சமையலறைச் சுவர் முழுக்க அவர் வரைந்த குலமரம் தொங்கியது. உச்சியில் சிவப்பு மையில் முர்ட்டி, 1830 முதல் 1930 வரை. வருடா வருடம் ஊர் மண்டபத்தில் ஜெரி இதைப் பற்றிப் பேசுவார். நாற்காலிகள் நிறையும், வெளியே மழை பெய்தால் சிலர் நிற்கவும் செய்வார்கள்.

மார்லீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரத்தைப் பார்த்தார். பிறகு தன் கோப்பைப் பார்த்தார். நோரீன் அவருக்குத் தேநீர் ஊற்றி, சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்தாள்.

"தம்பி, 1830ல முர்ட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது கோயில் பதிவுல இருக்கு. சரிதான். ஆனா 1849ல இன்னொரு முர்ட்டி இருக்கானே. அதே அப்பா, அதே அம்மா, அதே ஊர்."

"அது அவரோட தம்பியா இருக்கும்" என்றார் ஜெரி.

"ஒரே வீட்டுல ரெண்டு முர்ட்டியா?" என்றாள் நோரீன். "சாப்பிடக் கூப்பிட்டா யாரு வருவான்?"

மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயர் வைத்தே ஆகவேண்டும்; அந்தப் பிள்ளை இறந்துவிட்டால் பெயர் வீணாகாமல் அடுத்துப் பிறப்பவனுக்குப் போகும். இந்த வழக்கத்தை மண்டபத்தில் மேசையைத் தட்டித் தட்டி விளக்கியவரே ஜெரிதான்.

"மூத்தவன் செத்ததுக்கு ஆதாரம் எங்க?" என்றார், வக்கீல் மாதிரி.

"அந்தக் காலத்துப் பாதிரியாருங்க ஞானஸ்நானத்தை எழுதினாங்க, கல்யாணத்தை எழுதினாங்க. சாவை யாரு எழுதினாங்க? அரசாங்கமும் அப்ப எழுதலை." மார்லீன் ரொட்டியைக் கடித்தார். "காகிதத்தைக் கேட்டா அந்தக் குழந்தை இன்னும் சாகலை தம்பி."

அடுத்ததாக இரண்டு தாள்களை மேசையில் அருகருகே வைத்தார். இரண்டும் மக்கள்தொகைக் கணக்கு. 1901இல் முர்ட்டிக்கு வயது ஐம்பத்தொன்று. 1911இல் எண்பத்தொன்று.

நோரீன் குனிந்து படித்தாள். அவள் தோள் சிரிப்பில் மெல்லக் குலுங்கத் தொடங்கியது.

"பத்து வருஷத்துல முப்பது வயசு ஏறிட்டாரு பாவம். நடுவுல என்ன ஆச்சு ஜெரி? நீதான் மண்டபத்துல சொல்லுவியே."

நடுவில் வந்தது பென்ஷன். எழுபது நிறைந்த ஏழைகளுக்கு 1909இல் அரசாங்கம் வாராவாரம் பணம் கொடுக்கத் தொடங்கியது. அந்த வயதுக்காரர்கள் பிறந்தபோது அரசாங்கப் பிறப்புப் பதிவு கிடையாது. கோயில் ஏட்டைக் காட்டினால் போதும். 'ஒரே குளிர்காலத்தில் நாடு முழுக்க நரைத்துவிட்டது' என்று ஜெரி வருடா வருடம் மண்டபத்தில் சொல்வார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். எல்லாம் அடுத்த வீட்டுக் கிழவர்களைப் பற்றித்தான். அந்த நகைச்சுவைக்கு நடுவில் தன் கொள்ளுத்தாத்தா கைநீட்டி நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"அப்ப செத்துப்போன அண்ணனோட ஞானஸ்நானத்தைக் காட்டி..." என்று இழுத்தார்.

"அறுபது வயசுலயே பென்ஷன் வாங்கிட்டாரு. எண்பத்தொண்ணுல செத்தாரு. கல்யாணம் ஆனப்ப அவருக்கு இருபத்தாறு. கல்யாணப் பதிவுல வயசைப் போடாம 'வயது வந்தவர்'னு மட்டும் எழுதியிருக்கிறதால உனக்குப் பிடிபடலை. ஆனா தம்பி, இந்த 1901 தாளை நீ பார்த்ததே இல்லையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"அந்தக் காலத்துல கணக்கெடுக்க வந்தது போலீஸ்காரர்தானே. அவர் குடிச்சிருப்பார்னு நினைச்சேன்."

"அவர் குடிகாரர்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நோரீன்.

"தெரியாது. ஆனா யாராவது ஒருத்தர் குடிச்சிருந்தாத்தானே கணக்கு சரியா வரும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்லீன் கோப்பையைக் காலி செய்துவிட்டு, "கார்க் கம்பெனிக்குப் போன் பண்ணணும். வெளியதான் சிக்னல் நல்லா இருக்கும்" என்று எழுந்து போனார்.

ஜெரி சுவர் அருகே போய் நின்றார். முர்ட்டியைக் கழித்தால் மரத்தில் மிஞ்சுவது எழுபதும் அறுபத்தெட்டும். தனக்கு அறுபத்தாறு. பள்ளிக்கூடத்தில் கணக்கில் சுமார்தான் என்றாலும் இது அவருக்கே விளங்கியது.

முர்ட்டி செத்த அண்ணனின் வயதை எடுத்து ஒன்பது பிள்ளை பெற்ற வீட்டில் அடுப்பெரிய வைத்தார். அதே வயதை நாம் எடுத்து என்ன செய்தோம்? காருக்குள் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். திருட்டிலும் கொள்ளுத்தாத்தாவின் கால்தூசு பெற மாட்டோம் என்று நினைத்தபோது ஜெரிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது நின்றுவிட்டது.

"வெக்ஸ்ஃபோர்டுக்குப் போகாதே" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"ஏன்?"

"அங்க காத்து ஜாஸ்தி."

"ஜெரி."

அவர் திரும்பினார். "எனக்குப் பயம், நோரீன். ஞாயித்துக்கிழமை மட்டும் பார்க்கிற ஆளு நல்லவனாத் தெரிவான். திங்களும் செவ்வாயும் கூட இருந்தா, இவன் இவ்வளவுதான்னு உனக்குத் தெரிஞ்சிடுமே."

"அது தெரிஞ்சு ரொம்ப வருஷமாச்சு" என்றாள் நோரீன். "தெரிஞ்சுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்தேன்."

வெளியே மார்லீன் யாரிடமோ தூண்தான் காருக்குக் குறுக்கே வந்தது என்று வாதாடிக்கொண்டிருந்தார். ஜெரி நாற்காலியில் உட்கார்ந்தார். மண்டியிடத்தான் முதலில் நினைத்தார். மண்டியிட்டால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்பதால் விட்டுவிட்டார்.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"எப்போ?" என்றாள் அவள்.

அந்த ஒரு சொல்லில்தான் அவர் எப்போதும் வழுக்குவார். இந்த முறை மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே பாதிரியாரைப் பார்க்கிறேன். ஆனா கோயில் கல்யாணம்னா ஞானஸ்நானச் சான்று கேட்பாங்க. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அம்மா ஊர்க் கோயில்ல. அங்க எழுதிப் போடணும், அவங்க பழைய ஏட்டைத் தேடணும், எப்படியும் கோடை வந்துடும், கோடையில ஆட்டு ரோமம் வெட்டுற வேலை..."

நோரீன் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை வெளியே எடுத்து, ரொட்டித் தட்டை ஒதுக்கிவிட்டு அவர் முன்னால் விரித்து வைத்தாள். அதில் ஜெரமையா லௌனி என்று அவருடைய முழுப்பெயர் இருந்தது. பிறந்த தேதி, அப்பா, அம்மா, ஞானப் பெற்றோர், கோயில் முத்திரை. முத்திரையின் மை புதிது.

"இதை எப்ப வாங்கின?" என்றார் ஜெரி.

"இது போன மாசம் வாங்கினது. சான்று ஆறு மாசத்துக்குத்தான் செல்லும்னு சொன்னாங்க ஜெரி, அதனால நாம பழக ஆரம்பிச்சதுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுசு வாங்கி வெச்சுக்கிட்டே இருக்கேன்."