தொடர்ந்து மூன்று முறை வராதவர்கள்

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்து தரை தேய்ந்ததுதான் மிச்சம். நாலு மணிக்குள் மூட்டுவலி மாத்திரைச் சோதனையின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் முறைகள் உருவாக்குவது இருபத்தாறு வருடமாக அவள் பிழைப்பு. சோதனையில் சேர்ந்த நோயாளி பாதியில் காணாமல் போனால் என்ன செய்வது? தொடர்ந்து மூன்று முறை பரிசோதனைக்கு வராதவருக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று எழுது. அவள் போட்ட விதி. உலகமெங்கும் புழங்குகிறது. பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பெயரே 'மூணு மேடம்'.

அந்த மூன்றின்படி மாத்திரை தோற்றுவிட்டது. நான்கு என்று வைத்தால் ஜெயிக்கிறது. காலையில் ஏதோ குறுகுறுப்பில் மாற்றிப் பார்த்துத் தொலைத்தாள்.

விதியை அந்தக் காலத்தில் கணினியில் எழுதிக் கொடுத்த தம்பியைப் போனில் பிடித்தாள்.

"ஏன்டா, மூணுன்னு எதுக்கு வச்சோம்?"

"என்னைக் கேட்டா? இப்போதைக்கு மூணு போடு, அப்புறம் பாத்துக்கலாம்னு நீதான்க்கா சொன்ன. இன்னும் பாத்துக்கிட்டே இருக்க."

"கிண்டலா?"

"நாலுன்னு மாத்திட்டுப் போயேன். எவன் பாக்கப் போறான்?"

"முடிவைப் பாத்துட்டு விதியை மாத்தறதா? அதுக்குப் பேரு ஃபிராடுடா." வைத்துவிட்டாள்.

சோதனையை நடத்திய டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், மாத்திரைக்குச் சங்கு ஊதியாச்சா?"

"வராம போனவங்க ஏன் வரலை?"

"பாதிப் பேருக்கு வலி விட்டிருக்கும். வலி இல்லாதவன் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வர்றான்?"

"கேட்டு எழுதினீங்களா?"

"உங்க விதியில அதுக்கு இடமே இல்லையே!"

அவள் உட்கார்ந்து தட்டினாள்: 'மூன்று என்ற எண்ணுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அவசரத்தில் நான் வைத்தது. நான்கு என்றால் முடிவு தலைகீழாகிறது.' இரண்டு முடிவுகளையும் கீழே வைத்தாள்.

டாக்டர் தோளுக்கு மேலாகப் படித்தார். "மேடம், இது இந்த மாத்திரையோட நிக்காது. உங்க விதியை நம்பின மத்த ஆய்வெல்லாம்?"

"நானூறுக்கு மேல இருக்கு."

"அப்புறம் உங்க பேரு?"

அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

"வராதவங்க நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல? கூப்பிடுங்க. நான் எழுதறேன்."

டாக்டர் கூப்பிட்ட முதல் ஆளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"அடுத்தது," என்றாள்.