கல்யாண வாழையும் வேலம்மாவின் மூன்று ஏக்கரும்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. மாரியம்மன் சன்னதியில் கற்பூரம் கொளுத்தி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொய்யென்றால் என் பல் அத்தனையும் கொட்டட்டும். இரண்டும்.

எண்பத்து நாலாம் வருஷம். பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தொழிலாளர் லயங்களுக்குப் பின்னால், ஆற்றோரமாக, வேலம்மா மூன்று ஏக்கரில் பயத்தங்காயும் கத்திரிக்காயும் போட்டிருந்தாள். பயிர் செய்து பிழைக்க அரசாங்கம் விட்ட நிலம். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அதுதான். மண்ணைத் திட்டிக்கொண்டே கொத்துவாள். மண்ணும் பயந்துபோய் விளையும்.

அந்த வருஷம் வீடு கட்டும் கம்பெனி ஒன்று அந்த நிலத்தைக் கேட்டது. மாவட்ட அலுவலகத்துக்காரர்கள் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பயிர் நிலத்தையெல்லாம் வீடாக்கிவிட்டால் நாளைக்குச் செங்கல்லைக் கடித்தா சாப்பிடுவது என்று யோசித்து ஓர் உத்தரவு போட்டார்கள். ஆள் வந்து பார்ப்பார். பயிர் நின்றால் பச்சைச் சாயம் பூசிய முளைக்கட்டை அடிப்பார்; பிறகு அங்கே ஒருவரும் வீடு கட்ட முடியாது. பயிர் இல்லையென்றால் சிவப்பு முளை, நிலம் கம்பெனிக்கு. நல்ல சட்டம். எங்களுக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சை முளைக்காரர் வருவதற்குள் ஆறு வந்துவிட்டது. பந்தல் கம்போடு பயத்தங்காயைப் பிடுங்கிக்கொண்டு கடலுக்குப் போனது. கோலசிலாங்கூர் கழிமுகத்தில் மீன்காரர் ஒருவர் வலையைத் தூக்கினாராம். ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் கத்திரிக்காய், நடுவில் பயத்தங்காய். புளி மட்டும்தான் கடையில் வாங்கினாராம்.

வேலம்மா நிலத்தில் மிஞ்சியது சேறு. அதிகாரி என்சே ரம்லி ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அரசாங்க ஆள் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வாரா என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் நம்ப முடியாதது அது ஒன்றுதான்.

அதே ஞாயிற்றுக்கிழமை, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் இராமையாவின் மகள் தங்கமணிக்குக் கல்யாணம். வாசலில் குலை தள்ளிய வாழை மரங்களை வெட்டிக் கொண்டுவந்து வரிசையாகக் கட்டியிருந்தார்கள். வேலம்மா சேற்றுக் காலோடு வந்து அந்த வாழையைப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு மணி நேரத்துக்கு இதக் குடுங்க."

"என்னாது? எம்மவ கல்யாணம்மா இது!"

"மரத்தத்தான கேட்டேன், மாப்பிள்ளையவா கேட்டேன்? எங் கத்திரிக்கா இல்லாம இந்தத் தோட்டத்துல எந்தக் கல்யாணத்துக்கு சாம்பார் வச்சிருக்கீங்க, சொல்லுங்க."

இராமையா சாம்பாரை நினைத்துப் பார்த்தார். "தூக்கிட்டுப் போ. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள திரும்பி வந்துடணும்."

லோரிக்காரன் சோமு வாழைகளை ஏற்றிக்கொண்டு போனான். நாலு பேர் சேர்ந்து சேற்றில் ஆழமாகக் குத்தி வைத்தோம். வேர் இல்லாத மரங்கள்தான். ஆனாலும் குலையோடு நின்றபோது பார்க்க ஒரு தோட்டமாகத்தான் இருந்தது. அதில் ஒரு மரம் ஊரை ஏமாற்றுகிறோமே என்று வெட்கப்பட்டு அங்கேயே ஒரு குருத்து விட்டது. கண்ணால் பார்த்தேன்.

இங்கேதான் குழப்பம் ஆரம்பம். லயத்து வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. வெளியாள் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் சுங்கை சோவிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் இராமையா சொல்லி அனுப்பியிருந்தது ஒரே அடையாளம்: எங்கே வாழை நிற்கிறதோ அதுதான் கல்யாண இடம். பஸ் லயத்துக்குள் வந்தது. எந்த வாசலிலும் வாழை இல்லை. மேட்டில் ஏறியது. தூரத்தில் ஆற்றோரம் வாழை தெரிந்தது. நேராக அங்கே போய்விட்டார்கள்.

மாப்பிள்ளை பெயர் சிவானந்தம். பட்டு வேட்டியோடு இறங்கியவர் முழங்கால் வரை சேற்றுக்குள் போய்விட்டார். பின்னால் மேளக்காரர்கள். அதற்குப் பின்னால், பஸ்ஸைத் துரத்திக்கொண்டு சைக்கிளில் கோயில் பண்டாரம், மடியில் தாலியோடு.

"என்னய்யா இடம் இது? பொண்ணு எங்கே?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"வந்துரும் லா. நீங்க அசையாம நில்லுங்க, அசைஞ்சா மரம் சாயும்" என்றான் சோமு.

அந்த நேரம் பார்த்து என்சே ரம்லி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இடது கையில் சிவப்பு முளை, வலது கையில் பச்சை முளை. வாழையைப் பார்த்தார். மேளத்தைப் பார்த்தார். சேற்றில் நட்ட மாதிரி நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார்.

மலாயில் கேட்டார்: "இது தோட்டமா, கல்யாண மண்டபமா? மண்டபம் என்றால் கட்டடம். கட்டடம் என்றால் சிவப்பு."

வேலம்மா அசரவில்லை.

"துவான், எங்க ஆளுங்க வாழை இல்லாம கல்யாணம் பண்ண மாட்டோம். வேணும்னா யாரையும் கேட்டுப் பாருங்க."

அது உண்மை. ஆனால் எதற்கு அது பதில் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு பச்சை முளையை மண்ணில் வைத்து அடித்தார். அடித்து முடித்து நிமிரும்போது கால் வழுக்கியது. பக்கத்து வாழையைப் பிடித்தார். மரம் குலையோடு அவர் கையில் வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை. சுத்தமாக வெட்டிய பாகம், பளிச்சென்று.

என்சே ரம்லி மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அதன் அடியைப் பார்த்தார். பிறகு குனிந்து முளையில் கை வைத்தார். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிவப்பை அடிக்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

வேலம்மா கையைத் தூக்கி, "ஐயோ!" என்று கத்தினாள்.

மேளக்காரர்கள் பாவம். கையைத் தூக்கினால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். கெட்டி மேளம் கொட்டினார்கள். கெட்டி மேளம் கேட்டதும் பண்டாரம் பழக்கத்தில் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளைக்கோ வாழை பிடுங்கியபோது தெறித்துக் கண்ணெல்லாம் சேறு. கைக்கு எதிரே எது நிமிர்ந்து நின்றதோ அதற்கு மூன்று முடிச்சும் போட்டுவிட்டார். பச்சை முளைக்கு!

தாய்மாமன் தலையில் கை வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார். பண்டாரம்தான் நிதானமாகச் சொன்னார்:

"கவலப்படாதீங்க. தம்பி ஜாதகத்துல ரெண்டு தாரம்னு இருக்கு. தோஷத்துக்கு மொதல்ல வாழை மரத்துக்குக் கட்டுவோம்ல, இது முளைக்குக் கட்டியாச்சு. பொண்ணுக்கு இனிமே பயமில்லாம கட்டலாம். மஞ்சக் கயிறு இன்னொண்ணு இருக்கு."

"என்ன சொல்கிறார்?" என்றார் என்சே ரம்லி.

"துவான், முளைக்குக் கல்யாணம் ஆயிருச்சு. தாலி கட்டுன பொண்டாட்டிய நீங்க பிடுங்க முடியாது" என்றாள் வேலம்மா.

என்சே ரம்லி முளையிலிருந்து கையை எடுத்துவிட்டார். கண்ணியமான மனிதர். அடுத்தவர் மனைவியைத் தொட்டதற்காக மாப்பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டார். பிறகு எல்லோருமாக வாழையைத் தூக்கிக்கொண்டு இராமையா வீட்டுக்குப் போனோம். தங்கமணி கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. என்சே ரம்லி இலையில் உட்கார்ந்து இரண்டு தரம் சாம்பார் வாங்கிக்கொண்டார்.

கம்பெனி ஆள் ஒருநாள் வந்து பார்த்தார். முளையில் தாலி தொங்குவதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். தீபாவளிக்குத் தீபாவளி சிவானந்தம் மூத்தவளுக்கு என்று ஒரு ரவிக்கைத் துண்டு கொண்டுவந்து முளையில் சுற்றிவிட்டுப் போவார். தங்கமணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலம்மா மறுபடி பயத்தங்காய் போட்டாள். அந்த நிலத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை.

நான் இப்போது குடியிருப்பது அந்த மூன்று ஏக்கரில் வரிசை வீடுகளாகக் கட்டிய தாமானில், மூன்றாவது வரிசை, முனை வீடு.