அரக்கு, எண் இருபத்து மூன்று

சங்கரி இறந்த பதினாறாம் நாள் காலை, காரியத்துக்கு வந்தவர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவளுடைய உதடு பதிந்த எவர்சில்வர் டம்ளர், சுடர்மதி கம்பெனியின் காம்பாக்ட் பவுடர் நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்குத் தகாது என்று கருத்துச் சொன்னது. அன்று மல்லிகை முழம் எண்பது ரூபாய் விற்றது. முசரவாக்கத்திலிருந்து வந்திருந்த சங்கரியின் சித்தி மகள், குடும்பப் போட்டோவுக்கு முன் முகத்தை ஒற்றிக்கொள்வதற்காக டப்பாவைத் திறந்ததுதான் காரணம். தறிக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்த டம்ளரின் விளிம்பில், அரக்குச் சாயத்தில் பதிந்திருந்த இரண்டு உதடுகளும் அசைந்தன. "ஹாய் சிஸ்டர்ஸ். பவுடர் நைசாத்தான் இருக்குது, ஆனா வேர்த்தா திட்டுத் திட்டா நிக்குது. கண்ணாடி சின்னது, மூக்கு மட்டும்தான் தெரியும். பாதி காசு டப்பாவுக்குத்தான் குடுக்கிறோம்." குரல் சங்கரியுடையது. வந்தவர்களில் இருவர் மயங்கினார்கள், ஒருவர் சட்னி கேட்டார். சித்தி மகள் பவுடரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போட்டோவில் பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

டம்ளரில் உதடு பதிந்ததே அந்த வீட்டு வழக்கத்துக்கு விரோதம். பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் யாரும் டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதில்லை. அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள், ஒரு சொட்டு சிந்தாது. சங்கரி சாயக்காரர் வீட்டுப் பெண். காலை ஆறு முதல் ஒன்பது வரை கணவன் குமரகுருவின் தறியில் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவை எறிந்து தருவாள். பத்து மணிக்குத் தேவசகாயத்தின் மருந்துக் கடையில், இருமல் மருந்துக்கும் குழந்தை டயப்பருக்கும் நடுவே இருந்த அழகுசாதனக் கண்ணாடி அலமாரிக்குப் பொறுப்பேற்பாள். சாயங்காலம் போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, சுடர்மதி சாமான்களைப் பற்றி மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கருத்துச் சொல்வாள். அவள் சோதிக்கும் முறை அப்பாவிடம் கற்றது: வெள்ளைப் பட்டு நூலை நனைத்து லிப்ஸ்டிக்கில் தேய்த்து, பிழிந்து, வெயிலில் காட்டுவாள். நின்றால் "கெட்டிச் சாயம்", போனால் "கக்குது". இதைவிட நுட்பமான ஆய்வுக்கூடம் தங்களிடம் இருப்பதாகக் கம்பெனி பெட்டியில் அச்சிட்டிருந்தது.

கடைசியாக அவள் எடுத்தது அரக்கு, எண் இருபத்து மூன்று, நூற்று நாற்பத்தொன்பது ரூபாய். பதினாறு மணி நேரம் நிற்கும், எதிலும் ஒட்டாது என்று பெட்டியில் இருந்தது. ஒட்டாது என்பதை டம்ளரில் வாய் வைக்காமல் எப்படிச் சோதிப்பது? வைத்தாள். ஒட்டியது. கேமராவுக்குக் காட்டிவிட்டு, தறியில் இருந்தவனிடம் திரும்பி, "இன்னாங்க, எப்படி இருக்குது?" என்றாள். குமரகுரு அப்போது கோர்வை போட்டுக்கொண்டிருந்தான். புடவையின் உடலும் கரையும் பிணைகிற அந்த இடத்தில் கண்ணை எடுத்தால் பிணைப்பு தவறும்; தவறினால் புடவை இரண்டாகக் கிழியும் என்பது அவன் ஏழு வயதில் கேட்டு நம்பியது. தலையைத் தூக்காமல், "நல்லா இருக்குது" என்றான். ஒன்பது வருடமாக எல்லாச் சாயத்துக்கும் அவன் சொன்ன கருத்து அதுதான். அன்று ராத்திரியே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் அவள் இல்லை. எச்சில் டம்ளரை மற்றவற்றோடு கழுவக்கூடாது என்று மாமியார் கங்கையம்மாள் அதை ஜன்னலில் தனியே வைத்திருந்தாள். அதனால் மட்டுமே அது தப்பியது.

குமரகுருவுக்குத் துக்கம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. டம்ளரில் அந்தச் சாயம் எப்படி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவள் வாயில் எப்படி இருந்தது என்று தெரியாது. அன்றைய வீடியோவும் பாதியில் நின்றிருந்தது. அதில் டம்ளர் தெரிந்தது, அவன் முதுகு தெரிந்தது, போன் சரிந்து உத்தரம் தெரிந்தது, அவள் வாய் மட்டும் தெரியவில்லை.

ஆகவே அவன் சாமான் வாங்க ஆரம்பித்தான். ஏதாவதொரு சுடர்மதி டப்பாவைத் திறந்து எதிரே வைத்தால்தான் உதடு பேசும். வேறு எதற்கும் பேசாது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான், அழுதும் பார்த்தான். பேசவில்லை. மஸ்காரா வைத்தான், "ரெண்டே நாள்ல காஞ்சிடுது, ஆனா தொண்ணூத்தொம்பது ரூபாய்க்கு வேற இன்னா எதிர்பார்க்கிறீங்க சிஸ்டர்ஸ்" என்றாள். தறிக்காரன் கையில் ஐலைனர், நெயில் பாலிஷ், ப்ரைமர் என்று பை பையாகப் போவதைத் தெரு பார்த்தது. தேவசகாயம் ஒருநாள் கேட்டார், "இன்னா குமரு, பொண்ணு கிண்ணு பாத்துக்கினு இருக்கியா?" "வீட்டுக்குத்தான்ணே" என்றான் அவன். விஷயம் பரவியதும் கல்யாணப் பெண்கள் தென்னேரியிலிருந்தெல்லாம் வந்தார்கள். முப்பதாயிரம் ரூபாய் மேக்கப்காரியை அமர்த்தியிருந்தவர்கள், டம்ளரிடம் ரகசியமாக இரண்டாவது கருத்துக் கேட்டார்கள். நகரத்தின் பெரிய ஜவுளிக்கடை முதலாளி, பெயருக்கு முன் 'பட்டுப் பேரரசர்' என்று தானே போட்டுக்கொண்டவர், சுடர்மதித் தலைச்சாயத்தை ஒரு காகிதத்தில் சுற்றி வேலைக்காரரிடம் கொடுத்தனுப்பினார். "மீசைக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணு வாங்கியிருக்காரு, ரெண்டும் வேற வேற கலரு" என்று பதில் போயிற்று.

ஒவ்வொரு கருத்துக்கும் சாயம் ஒரு இழை குறைந்தது. நெசவாளிக்கு அது உடனே தெரிந்தது. அரக்காக இருந்தது ஒரு வருடத்தில் மாதுளையானது. இரண்டாம் வருடம் கதவைச் சாத்திவிட்டு, வாரம் ஒரு டப்பா என்று குறைத்துக்கொண்டான். பேசவிட்டால் அவள் போய்விடுவாள். பேசவிடாவிட்டால் அவள் இருந்தென்ன?

இந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து விக்ரம் வந்தான். கழுத்தில் அட்டை, அதில் 'தென்மண்டல அழகியல் தூதர்' என்று இருந்தது. அவனுடைய தலைமையகத்தில் மூன்று கூட்டம் நடந்தும் முடிவு எட்டவில்லை. ஒட்டாது என்று விற்ற சாயம் டம்ளரில் ஒட்டியது அவமானமா, பதினாறு மணி நேரம் என்று விற்றது இரண்டு வருடம் நின்றது பெருமையா? எதற்கும் படம் பிடித்து வரச் சொல்லியிருந்தார்கள். புதிய சாமான் பதினொன்றை வரிசையாகத் திறந்து வைக்க அனுமதி கேட்டான். குமரகுரு மறுத்திருக்க வேண்டும். அவன் மனதில் ஓடியதோ, பதினொரு தடவை அவள் குரல் கேட்கும் என்பதுதான். தலையாட்டினான். உதடு பதினொன்றுக்கும் கருத்துச் சொன்னது, இரண்டு மட்டும் தேறின. முடிவில் ரிங் லைட்டுக்குப் பின்னால் நின்றவனையும் விடவில்லை. "அண்ணா, நீங்க போட்டுக்கினு இருக்கிறது உங்க கம்பெனிது இல்ல. மூஞ்சி ஒரு கலரு, கழுத்து ஒரு கலரு." விக்ரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினான். படம் வெளிவரவில்லை. டம்ளரைத் திருப்பிப் பார்த்தபோது சாயம் வெங்காயத்தோல் நிறத்துக்கு வந்திருந்தது.

அடுத்து அவன் செய்ததை எந்தத் தறிக்காரனும் செய்திருக்கக்கூடாது. தேவசகாயத்தின் கடையில் அரக்கு எண் இருபத்து மூன்று புதிதாக ஒன்று வாங்கி, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி தொடும் மெல்லிய பிரஷால், மேலுதட்டின் ரேகை ரேகையாகப் பூசினான். ஒரு தொட்டியில் தோய்த்த நூலோடு வேறு தொட்டி நூல் சேராது, எண் ஒன்றாக இருந்தாலும் கண்ணில் கோடு தெரியும் என்று, கொடுத்த நூலைத் திருப்பியெறிந்து சண்டை போட்டவன்தான் அவன். பாதிப் புடவையில் நூல் தீர்ந்தால் புடவையை நிறுத்துவானே தவிர ஒட்டுப்போட மாட்டான். இங்கே ஒட்டுப்போட்டான். "இது வேற தொட்டி" என்றாள் சங்கரி. கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "பெட்டிமேல புதுசு, மேம்பட்டதுன்னு போட்டிருக்குது, பாக்கலியா? மெழுகைக் கூட்டிட்டானுங்க." ஒரு மணி நேரத்தில் புதுச்சாயம் வழுக்கி இறங்கியது. பழைய சாயத்தில் பாதியையும் கூட்டிக்கொண்டு இறங்கியது.

அதன்பின் பத்து மாதம் அந்த வீட்டில் எந்த டப்பாவும் திறக்கப்படவில்லை. கங்கையம்மாள் குங்குமச் சிமிழைக்கூடச் சமையலறையில் வைத்துத்தான் திறந்தாள். வலப்பக்கம் நாடா போட ஆளில்லாததால் குமரகுரு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எழுந்து எழுந்து உட்கார்ந்து நெய்தான். மாதம் மூன்று புடவை ஒன்றரையாகியது. கவனித்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற ஒரு ரோஜாப் புகைபோல உதடு டம்ளரில் இருந்தது.

மூன்றாம் வருடத் திதி முடிந்த அன்று சாயங்காலம், எந்தச் சாமானும் எதிரே இல்லாமல், உதடு தானாக அசைந்தது.

"இன்னாங்க, எப்படி இருக்குது?"

குமரகுரு கோர்வையில் இருந்தான். வாய் பழக்கத்தில் 'நல்' என்று தொடங்கிவிட்டது. கடித்து நிறுத்தினான். நாடாவைக் கீழே வைத்தான், பிணைப்புப் பாதியில் இருக்கும்போதே. டம்ளரைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிச்சம் தெருவைவிட்டு எதிர்வீட்டு மாடிக்கு ஏறும்வரை பார்த்தான்.

"அரக்கு உனக்குக் கொஞ்சம் தூக்கல்" என்றான். "மாதுளைல வாங்கியிருக்கணும். கீழுதட்டுல வலது ஓரம் தாண்டிப் போயிருக்குது, அவசரத்துல போட்டிருக்கிற. நடுவுல ஒரு வெடிப்பு இருக்குது. தண்ணியே குடிக்க மாட்டேன்ற நீ." டம்ளரை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பினான். "அன்னிக்கு நான் பாக்கல, சங்கரி."

"தெரியும்."

பிறகு அவள், கடைசிக் கேள்வியாக, "நூத்தி நாப்பத்தொம்பதுக்கு ஓகேதான?" என்றாள்.

"ஓகேதான்" என்றான்.

குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அந்த டம்ளரில் ஊற்றினான். பிறந்து நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், விளிம்பில் வாய் வைத்துக் குடித்தான். இறக்கியபோது டம்ளர் மற்ற டம்ளர்களைப் போல இருந்தது. சாயம் அவன் உதட்டுக்கு வந்திருந்தது. வெங்காயத்தோல் நிறமல்ல, முதல்நாள் அரக்கு, வலது ஓரம் லேசாகத் தாண்டி. சீயக்காய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் அது போகவில்லை. அந்தப் புடவையில் ஒரு பிணைப்பு தவறியதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆவணியில் ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு மணமேடையில் உட்கார்ந்தாள், அது கிழியவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முதல் வாரம் சிலர் சிரித்தார்கள், இரண்டாம் வாரம் போனஸ் பற்றிப் பேச வேண்டியிருந்தது. தேவசகாயம் மட்டும், அந்த எண் நிற்குமா என்று கேட்கிற பெண்களிடம், ஒட்டும், ஆனால் நிற்கும் என்று சொல்லி விற்கிறார்.

வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை. சாயமேறிய வாயோடு மகன் வந்து உட்கார்ந்த முதல்நாள் காலை, கங்கையம்மாள் அந்த உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வலது ஓரத்தைப் பார்த்தாள். காப்பியை ஆற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"அண்ணாந்து குடிடா" என்றாள். "கலைஞ்சிடப் போவுது."