வெல்டர் தேவை

பிஷ்கெக்கில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று என் அம்மாவுக்குப் புரியவைக்க இரண்டு வருடம் ஆயிற்று. இணையத்தில் வரும் வேலை விளம்பரங்களையெல்லாம் ஒரு கணினி நிரல் அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். முதலாளிகள் எந்தத் திறமையைக் கேட்கிறார்கள், எதை அதிகமாகக் கேட்கிறார்கள் என்று நாங்கள் பிரித்து எண்ணிக் கொடுக்க வேண்டும். தொழிற்பள்ளிகளில் எதைச் சொல்லித்தருவது என்று அதை வைத்து முடிவு செய்வார்கள். நிரலுக்குப் புரியாத விளம்பரங்களை நானும் பக்கத்து மேசைத் தோழி ஜிபாரும் உட்கார்ந்து படிப்போம்.

"அனாரா, இதக் கேளு. கணக்காளர் வேணுமாம். வயசு இருபத்திரண்டுக்குள்ள, அனுபவம் பத்து வருஷம்."

"அப்ப பன்னெண்டு வயசுலயே வேலைக்குச் சேந்திருக்கணும்டி."

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் படிப்போம். வெல்டர் விளம்பரம் வந்தால் மட்டும் ஜிபார் சிரிப்பதை நிறுத்திவிடுவாள்.

அவள் கணவன் குபாத் வெல்டர். மெல்லிய எவர்சில்வர் தகட்டை ஆர்கான் வாயு வைத்து, ஒட்டின தையல் வெளியே தெரியாமல் ஒட்டுகிற கை. அவன் இருந்த பட்டறையை மூடியதும் ரஷ்யாவுக்கு, யெகாத்தெரின்பர்க் நகரத்துக்குப் போனான். நாலு வருடத்தில் ஒரே ஒரு தடவை, பத்து நாள் வந்திருந்தான். மகள் செசிமுக்கு இப்போது ஆறு வயது. அப்பாவை வரையச் சொன்னால் தலையும் தோளும் மட்டும் வரைவாள். போனில் அவ்வளவுதானே தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜிபார் இறைச்சி வைத்துச் சுட்ட சம்சாவைக் கையில் வைத்துக்கொண்டு அவனோடு பேசுவாள். பேச்சு முடிகிற இடம் எப்போதும் ஒன்றுதான்.

"அங்க என் வேலைக்கு ஆள் கேக்கறாங்கன்னா சொல்லு. அடுத்த பஸ்லயே ஏறிடறேன்" என்பான் அவன்.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். என்னிடம் கெஞ்சி, தன்னுடைய வங்கிப் பிரிவை எனக்குக் கொடுத்துவிட்டு உலோகத் தொழில் பிரிவை வாங்கிக்கொண்டாள்.

அந்த டிசம்பரில் எண்கள் அவள் பக்கம் திரும்பின. செப்டம்பரிலிருந்து எவர்சில்வர் வெல்டர் கேட்டு முப்பத்தெட்டு விளம்பரங்கள். போன வருடம் அதே மாதங்களில் ஒன்பதுதான். எங்கள் மேலதிகாரி ரைசா எஜே (அக்கா என்கிற மாதிரி) மகிழ்ந்துபோய், "இத அறிக்கையோட முதல் பக்கத்துல போடு" என்றார். ஜிபார் வராந்தாவுக்கு ஓடிப்போய்க் குபாத்தைக் கூப்பிட்டாள். திரும்பி வந்தவளின் முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"என்ன சொன்னான்?"

"பனி குறையட்டும், பாப்போம்னான்." பிறகு அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "அங்க கணக்கு முடிக்கணும்ல. நாள் ஆகும்."

அந்த வாரக் கடைசியில் வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் துவைத்துப் போட்டாளாம்.

அறிக்கைக்கு முன்னால் ஒரே விளம்பரம் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. வாசகம் ஒன்றாக இருந்தால் நிரலே கண்டுபிடித்துவிடும். வாசகம் மாறினால் ஏமாந்துபோகும். நான் தொலைபேசி எண்களை வரிசைப்படுத்தினேன். முப்பத்தெட்டில் முப்பத்தொன்று ஒரே எண். நகருக்கு வெளியே, பால் தொட்டி செய்கிற ஒரு பட்டறை. வாரத்துக்கு இரண்டு தடவை புதிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன்.

ஜிபார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த முப்பத்தொண்ணும் ஒண்ணுன்னா, மொத்தம் எட்டுதானா?"

"எட்டுதான்."

"போன வருஷத்தவிட ஒண்ணு கம்மி."

"ஆமா."

அவள் அழவில்லை. அந்த முப்பத்தொன்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு அந்த எண்ணை அழைத்தாள். எங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படி ஒரு எண்ணை அழைத்ததே இல்லை.

பட்டறைக்காரர் பெயர் தொக்தோசுன். அவர் குரல் எனக்கே கேட்டது.

"ஒரே ஒரு ஆள்தாம்மா வேணும்! நாலு மாசமா கத்திக்கிட்டு இருக்கேன். நல்லாத் தெரிஞ்சவன் எல்லாம் ரஷ்யாவுல இருக்கான். இங்க வர்றவன் தகட்டுல ஓட்ட போட்டுட்டுப் போயிடறான். உனக்குத் தெரிஞ்சவன் யாராவது இருக்கானா?"

"இருக்கார் பைகே" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் ஜிபார். அவள் காது சிவந்துவிட்டது.

உடனே குபாத்தைக் கூப்பிட்டாள். இந்த முறை வராந்தாவுக்குப் போகவில்லை; போனை மேசையிலேயே ஸ்பீக்கரில் வைத்தாள். வேலை இருக்கிறது, ஒரே ஒரு வேலை, அது உன் வேலை என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"ஜிபார், என்னால முடியாது."

"ஏன்?"

"நான் வெல்டிங் பண்றதில்ல. மூணு வருஷமாச்சு. ஒரு கிடங்குல மூட்டை ஏத்தி இறக்கறேன். வந்த புதுசுல ஒரு இடத்துல இருந்தேன், ஆள் குறைச்சாங்க. அப்புறம் கிடைக்கவே இல்ல. உன்கிட்ட சொல்ல வாய் வரல. வந்து நின்னா கை காட்டிக்கொடுத்துடுமே."

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். ஜிபார் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மூணு வருஷமா, ஏறிடறேன் ஏறிடறேன்னு சொன்னியே."

"ஏறணும்னுதான் ஆசை. அதுல பொய் இல்ல."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரையைப் பார்த்து, ஏதோ செய்தி வாசிப்பதுபோல் வாசிக்க ஆரம்பித்தாள்.

"கேளு. செப்டம்பர் மூணு: அனுபவம் அஞ்சு வருஷம், சான்றிதழ் கட்டாயம், வயசு முப்பத்தஞ்சுக்குள்ள. செப்டம்பர் இருபது: மூணு வருஷம் போதும். அக்டோபர்: வயசு பரவாயில்ல. நவம்பர்: சான்றிதழ் வேண்டாம், குடிக்காம வந்தாப் போதும். போன வெள்ளிக்கிழமை: தகடு தொட்டுப் பழகின கையா இருந்தாச் சரி, மறந்திருந்தா ஞாபகப்படுத்திக்கலாம்."

"அப்படியா போட்டிருக்கு?"

"அப்படியேதான் போட்டிருக்கு. ஆயிரக்கணக்குல படிச்சிருக்கேன் குபாத். கேட்ட மாதிரி ஆள் யாருக்கும் கிடைக்கறதில்ல. அவரும் காத்துக்கிட்டுத்தான் இருக்கார்." பிறகு திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "கை போனாப் போகட்டும். நீ வா. மூட்டை இந்த ஊர்லயும் இருக்கு."

"செசிம் பள்ளிக்கூடம் போயிருக்காளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ரைசா எஜே முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். "முப்பத்தெட்டு எவ்வளவு அழகா இருந்துச்சு!" என்று எங்களைத் திட்டினாலும், எட்டு என்றே எழுதினார். ஜிபாரின் வற்புறுத்தலால் கீழே ஒரு வரி சேர்ந்தது: ஒரே பட்டறை நாலு மாதம் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

ஜனவரி போயிற்று. பிப்ரவரியும் போயிற்று. மத்தியானப் பேச்சு சுருங்கிப்போனது. பஸ் என்ற வார்த்தையை இருவருமே எடுப்பதில்லை. தொக்தோசுன் மட்டும் விளம்பரம் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றையும் ஜிபார் படித்துவிட்டு, மறைக்காமல் குபாத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மார்ச் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் அலுவலகத்துக்கு வரவில்லை. மத்தியானம் அழைத்தாள். ரகசியம் பேசுவதுபோல் பேசினாள்.

"வந்துட்டான்டி. சொல்லாமக்கொள்ளாம வந்து நிக்கறான். இப்பத் தூங்கறான். செசிம் கதவு இடுக்குல நின்னு அவன் காலையே பாத்துக்கிட்டிருக்கா."

"நீ என்ன பண்றே?"

"நானும்தான்."

தொக்தோசுன் அவனைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். முதல் வாரம் மூன்று தகடுகள் ஓட்டை. கத்தினார், ஆனால் அனுப்பிவிடவில்லை. ஏப்ரலில் ஒருநாள் ஜிபார் ஒரு சின்ன எவர்சில்வர் துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நடுவில் ஒரு தையல். கொஞ்சம் கோணல், ஆனால் ஓட்டை இல்லை. நான் விரலால் தடவிப் பார்த்தேன். அவள் அதை வாங்கித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு வந்த விளம்பரங்களைத் திறந்தாள்.