ஆணி அடிக்காத வீடு

ஆணி இறங்க மறுக்கிறது, நான் சுத்தியலை ஓங்கி ஓங்கி அடிக்கிறேன், காரை உதிர்ந்த இடத்திலிருந்து ஒரு வங்கி அதிகாரி அளவு நாடாவோடு வெளியே வந்து யாரைக் கேட்டு அடிக்கிறீர்கள் என்கிறார், விழித்துக்கொள்கிறேன், குடிவந்த நாளிலிருந்து வரும் கனவு இது, ஏனென்றால் என் வீட்டுக்காரர் அன்றே சொல்லிவிட்டார், கடன் முடியற வரைக்கும் இது பேங்க்காரன் வீடு அம்மிணி, ஒரு ஆணிகூட அடிக்கப்படாது, அதனால் எங்கள் வீட்டில் காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, கண்ணாடி ஜன்னல் கம்பியில் தொங்கியது, முன்பணத்துக்காக நான் நகைகளை விற்றபோது ஒரு வார்த்தை பேசாத அப்பா, இறந்த பிறகு மாலையோடு பிரிட்ஜ் மேல் சாய்ந்திருந்தார், பத்திரம் மட்டும் இவர் பெயரில், அது அப்போது உறுத்தவில்லை, இவர் அவசரப்பட ஆரம்பித்த பிறகுதான் உறுத்தியது.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கடனை வட்டி குறைவென்று வேறு வங்கிக்கு மாற்றினார், தவணை குறையும், மூச்சு விடலாம் என்று நான் நினைத்தால் பழைய தவணையையே கட்டினார், அதற்கு மேலும் கட்டினார், இரும்பு வார்க்கும் பவுண்டரி வேலையில் இரண்டாவது ஷிப்டும் பார்த்தார், ஆசையாய்த் துடைத்துத் துடைத்து வைத்திருந்த புல்லட்டை விற்று அதையும் அசலில் போட்டார், எதுக்குங்க இந்த ஓட்டம் என்றால் வட்டி மிச்சம் என்பார், இவர் பொய் சொல்லும்போது செருப்பைத்தான் பார்ப்பார், அப்போதும் செருப்பைத்தான் பார்த்தார், அந்த நாட்களில்தான் கொழுந்தனார் சென்னியப்பன் அடிக்கடி வருகிறார், சோமனூரில் தறி போடக் கடன் தேடி அலைகிறவர், காபியும் கையுமாகச் சுவரைத் தட்டிப் பார்க்கிறார், கட்டடம் கெட்டிதானுங்ணா, பத்திரம் எப்பக் கைக்கு வருதுங், இவர் சிரித்து மழுப்புகிறார், ஓஹோ, ஒரு வங்கியிலிருந்து மீட்டுத் தம்பிக்காக இன்னொரு வங்கியில் கொண்டுபோய் வைக்கத்தான் இத்தனை பாடா, நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள் என்று பிரிட்ஜ் மேலிருந்த அப்பாவிடம் கேட்கிறேன், கேட்டேனா, அதுவும் கனவா.

கடன் முடிந்தது, பத்திரம் வந்தது, மறுநாளே நல்ல சேலையாக் கட்டிக்க, பத்திர ஆபீஸ் போகோணும் என்றார், ஏதோ கையெழுத்து வாங்கத்தான் கூட்டிப்போகிறார், போட மாட்டேன் என்று முடிவு செய்து விரல்களை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தேன், எழுத்தர் வாசிக்க வாசிக்க வீடு என் பெயருக்கு வந்துகொண்டிருந்தது, முழுதாக, தானமாக, சந்தோஷப்பட வேண்டியவள்தான், எனக்குப் பயம்தான் வந்தது, இதில் என்ன சூது இருக்கிறதோ, வெளியே கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டேன், உண்மையச் சொல்லுங்க, எதுக்கு இது, செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், தம்பி பத்திரத்தக் கேட்டா என்னால இல்லீன்னு சொல்ல முடியாது அம்மிணி, சின்னதுல இருந்தே முடியாது, அவன் வாய்விட்டுக் கேக்கறதுக்குள்ள உன் பேருக்கு மாத்தத்தான் இத்தன ஓட்டம், நீ இல்லீன்னு சொல்லிருவ, உனக்குத்தான் யாரையும் நம்பத் தெரியாதே. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது, கரும்புச்சாற்றை ஒரே மடக்கில் குடித்தேன்.

ஆணி இறங்குகிறது, இது கனவில்லை, காரை என் காலில்தான் உதிர்கிறது, சுவரிலிருந்து யாரும் வரவில்லை, அப்பா படத்தை மாட்டிவிட்டு நேராக இருக்கிறதா என்று கேட்கத் திரும்பினால் இவரைக் காணோம், வாசலில் கொழுந்தனாரின் வண்டிச் சத்தம், கொல்லையில் இவர் குழாயைத் திறந்துவிடும் சத்தம், நான் சுத்தியலைக் கீழே வைக்காமலே போய்க் கதவைத் திறந்தேன்.